கஸ்தூரி அக்காவுக்குப் பக்கத்து இருக்கை

செவ்வாய்க்கிழமை காலை நான் வகுப்புக்குள் நுழையும் நேரத்தில் கொட்டகை முதலாளி சம்பந்தம் போனில் அழைத்தார். அவர் அழைத்தால் கழிவறைக் குழாய் ஒழுகும், அல்லது கூரைக்குள் புறா புகுந்திருக்கும். அன்று குரல் தயங்கியது.

“மேடம், நம்ம கஸ்தூரிம்மா விடியக்காலைல தூக்கத்துலயே போயிட்டாங்க. ஞாயித்துக்கிழமை மேட்னிக்கு எடம் சொல்லி வெச்சிருந்தாங்க. அந்த எடத்த என்னா பண்றதுன்னு தெரியல.”

“இந்த வாரம் யாருக்கும் குடுக்காதீங்க” என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை.

அக்காவை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் அவர் தட்டச்சராக இருந்த காலத்தில், உங்களில் பலருடைய மனுவைத் திருத்தி அடித்துக் கொடுத்திருப்பார். நான் அவரை அறிந்தது கடைசி மூன்று வருடங்கள்தான். அதுவும் ஒரு கட்டடத்தை முன்னிட்டு.

பெரிய கோயிலின் மேற்கு வாசலான பே கோபுரத்துக்குப் பின்பக்கம் இருக்கும் அந்தக் கட்டடம் நாடகம் நடத்தக் கட்டப்பட்டு, சினிமா தியேட்டராகி, பிறகு பல வருடங்கள் பூட்டிக் கிடந்தது. பெயர்ப்பலகையில் என்ன இருந்தாலும் ஊருக்கு அது கொட்டகைதான். அதைப் புதுப்பிக்கச் சம்பந்தம் முடிவெடுத்தபோது, கட்டடக்கலை கற்பிக்கும் என்னிடம் வரைபடம் கேட்டார். வீட்டுக்கு வீடு பெரிய டிவி இருக்கும்போது யார் வரப்போகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். இருந்தாலும் போட்டுக் கொடுத்தேன்.

பழைய நாற்காலிகளைப் பிடுங்கி வெளியே குவித்திருந்த நாளில் அக்கா வந்தார். போலியோவில் இரண்டு கால்களும் போனவர். கணவர் ஏகாம்பரம், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், சக்கர நாற்காலியைச் செங்கல் தூளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு வந்தார். பலகையில் விரித்திருந்த வரைபடத்தை அக்கா உற்றுப் பார்த்தார். கடைசி வரிசையில், வாசலை ஒட்டி, சக்கர நாற்காலிகளுக்கென்று மூன்று கட்டங்களை அடுத்தடுத்துப் போட்டிருந்தேன்.

“இது என்னா மேடம், சைக்கிள் ஸ்டாண்டா?”

வாசல் பக்கம் என்றால் வெளியேற வசதி, விதிமுறையும் அதைத்தான் சொல்கிறது என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“சரிங்க. ஆனா மூணு பேரையும் ஒண்ணா வரிசைல நிறுத்தியிருக்கீங்களே, மத்த ரெண்டு பேரு யாருன்னே எனக்குத் தெரியாதே. எனக்கு சீட்டு வேணாம், நானே கொண்டாறேன். எனக்குப் பக்கத்துல ஒரு சீட்டு போடுங்க. அதுல இவரு உக்காரணும்.”

பிறகு சொன்னார். பழைய கொட்டகையில் அவரைப் பக்கச் சுவரோரம் நிறுத்திவிடுவார்கள். ஏகாம்பரம் அருகே நின்றால் பின்னாலிருந்து கத்துவார்கள். எனவே அவர் கடைசி வரிசைக்குப் போய்விடுவார். இடைவேளையில் முறுக்கு வாங்கிக்கொண்டு வருவார், மணி அடித்ததும் திரும்பிவிடுவார். “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நாங்க சேந்து பாத்ததெல்லாம் இடைவேளை மட்டும்தான்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஏகாம்பரம் சிரிக்கவில்லை, சக்கரத்தில் மாட்டிய கம்பித் துண்டை எடுப்பது போலக் குனிந்துகொண்டார்.

அன்று வீட்டுக்குப் போய் வரைபடத்தைக் கிழித்தேன். அரங்கின் நடு உயரத்தில், ஒரு காலத்தில் பெண்களுக்கென்று இருந்த பக்கவாசல் ஒன்று அடைபட்டுக் கிடந்தது. அதைத் திறந்தால் படியே இல்லாமல் நடு வரிசைக்கு வந்துவிடலாம். அங்கே அங்கங்கே இடம் விட்டு, ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் ஓர் இருக்கை வரைந்தேன்.

சம்பந்தத்துக்கு மனசே இல்லை. “நல்ல நடு வரிசைம்மா. அங்க சீட்ட எடுத்தா பல்லு விழுந்த மாதிரி இருக்கும்.”

“எனக்குக்கூடதான் ரெண்டு பல்லு இல்ல முதலாளி. நான் சிரிக்காமயா இருக்கேன்?” என்றார் அக்கா.

சம்பந்தம் ஒத்துக்கொண்டது நியாயத்துக்காகவா, அந்தப் பதிலுக்காகவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதோடு அக்கா விடவில்லை. வரிசைகளுக்கு நடுவே கால் நீட்ட இடம் கம்மி என்றார். அவருக்கே அது தேவையில்லையே என்று கேட்டேன். “பௌர்ணமிக்கு மலை சுத்திட்டு மறுநாள் படத்துக்கு வருவாங்க மேடம். அன்னிக்கு இந்த ஊர்ல எவனுக்கு முட்டி மடங்கும்?” என்றார். நானும் கிரிவலம் போயிருக்கிறேன், முட்டியும் வலித்திருக்கிறது. வரைபடம் போடும்போது அது நினைவுக்கு வரவில்லை. இரண்டு வரிசைகளைக் குறைத்தோம்.

தெருவிலிருந்து அந்தப் பக்கவாசலுக்கு ஏறும் சாய்தளத்தை முனுசாமி மேஸ்திரி ஒரே நாளில் போட்டு முடித்திருந்தார். நம் ஊரில் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் ஏற்றுவதற்குப் போடுவோமே, அதே செங்குத்து.

“எல்லா வீட்டுக்கும் இப்படித்தாம்மா போடறேன். வண்டி ஜம்முனு ஏறும்.”

“வண்டிக்கு இன்ஜின் இருக்குது மேஸ்திரி. எனக்கு ரெண்டு கைதான்” என்ற அக்கா, ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறிக்கொண்டு, தன் சக்கர நாற்காலியில் அவரை உட்காரச் சொன்னார். “யாரும் தள்ளக் கூடாது. நீங்களே தள்ளிக்கினு ஏறுங்க.”

மேஸ்திரி உள்ளங்கையில் எச்சில் தொட்டுக்கொண்டு ஏறினார். ஒரு முழம் போனார். அடுத்த நொடி பின்னால் உருண்டு மணல் குவியலில் போய் நின்றார். சித்தாள் பெண்கள் சிரித்த சிரிப்பில் புறாக்கள் பறந்தன. மறுநாள் அவரே சம்மட்டியோடு வந்து அதை உடைத்தார். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று நான் எழுதிக் கொடுத்த தாளை அப்போதுதான் முதல் முறையாகப் பிரித்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

திறப்பு விழாவன்று வேறு ஒரு பிழை. விழா ஏற்பாடு செய்தவர்களுக்கு நடு வரிசையில் காலியாக, சமதளமாக, அழகாக ஓர் இடம் கண்ணில் பட்டிருக்கிறது. கோலம் போட்டு, ஆளுயரக் குத்துவிளக்கை அங்கே வைத்துவிட்டார்கள். சுற்றிலும் பூத்தட்டு வேறு. எனக்குக் கோபம் வந்தது. அக்கா விளக்கைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, “தாயே, டிக்கெட்டு இருக்குதா?” என்று கேட்டார். நாலு பேர் ஓடி வந்து விளக்கைத் தூக்கினார்கள்.

விளக்குகள் மங்கின. அக்கா தன் இடத்தில் சக்கர நாற்காலியை நிறுத்திக்கொண்டார். பக்கத்து இருக்கை காலி. திரும்பிப் பார்த்தால், ஏகாம்பரம் பழைய வழக்கத்தில் கடைசி வரிசையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

“யோவ் கண்டக்டரு! எங்க போற? இங்க வாய்யா!”

அரங்கமே சிரித்தது. அவர் திரும்பி வந்து, புது இருக்கையின் நுனியில், யாரோ எழுப்பிவிடுவார்கள் என்பது போல உட்கார்ந்தார். இடைவேளைக்குள் சாய்ந்துகொண்டார். முறுக்கை உட்கார்ந்த இடத்திலேயே தின்றார்கள்.

படம் முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

“படம் பூரா பேசறாரு மேடம் இந்த மனுஷன். அடுத்து என்னா நடக்கும்னு முன்னாடியே சொல்லிடறாரு. பழைய எடமே தேவல” என்றார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மேட்னியை இருவரும் அநேகமாகத் தவறவிட்டதில்லை.

அக்கா இறந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு இடங்களும் காலியாக இருந்தன. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது, அந்த இடத்தை அக்கா பெயரில் அப்படியே விட்டுவிடலாம் என்று சம்பந்தம் ஏகாம்பரத்திடம் சொன்னார்.

“வேணாங்க முதலாளி. சும்மா விட்டா மறுபடியும் குத்துவெளக்கக் கொண்டாந்து வெப்பீங்க. யாருனா உக்காரட்டும்.” பிறகு மெதுவாக, “தனியா உக்கார வெக்காதீங்க” என்றார்.

போன வாரம் நானும் மேட்னிக்குப் போயிருந்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மா அக்காவின் இடத்தில் இருந்தார். பக்கத்து இருக்கையில் மகள். படம் முழுக்க இருவரும் பேசித் தீர்த்தார்கள். யாரும் அதட்டவில்லை, நானும் அதட்டவில்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்விதான். என் மாணவர்கள் கொண்டுவரும் வரைபடங்களில் சக்கர நாற்காலிக்கான கட்டம் எங்காவது ஒரு மூலையில் கச்சிதமாக இருக்கும். அளவெல்லாம் சரியாக இருக்கும். நான் சிவப்புப் பேனாவால் அதன் ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுக்கிறேன்: “பக்கத்தில் யார்?”