எண்பது வாத்துகளும் ஒரு கோடும்

மக்காச்சோளத்தைத் தரம் பார்க்கிறவனை யாருக்கும் பிடிக்காது: விற்பவருக்கு அவன் மூக்கு நீளம், வாங்குபவருக்கு அவன் நாக்கு நீளம். தீவனக் கடைகளில் காலம் தள்ளும் சக பாவிகளே, பாயா ரும்புட் ஊர்த் தீவனக் கடையில் பத்து வருடமாகச் சோளத்தை முகர்ந்துகொண்டிருப்பவன் சொல்கிறேன், கேளுங்கள்.

குத்தூசி

லாரிக்காரர் சேகர் தார்ப்பாயை விலக்கி மேல் மூட்டையைத் தட்டிக் காட்டினார். பொன் மாதிரி சோளம். மேல் மூட்டை எப்போதும் அப்படித்தான் இருக்கும். பூஞ்சை விளம்பரம் விரும்பாதது, நடுவில்தான் குடியிருக்கும். அடுக்குக்கு நாலு மூட்டையாகக் குத்தூசியை இறக்கி, உள்ளிருந்து வந்ததைக் கையில் கொட்டி முகர்ந்தேன். ஐந்தாம் அடுக்கில் ஈரத்துணி வாடை. லோடு வேண்டாம் என்றேன். அதற்குள் ஒரு மணி நேரம் போயிருந்தது. சேகர் வண்டியில் ஏறிக்கொண்டு சொன்னார்:

"சார், நீங்க பொண்ணு பாக்கப் போயிருந்தா, பாத்து முடிக்கறதுக்குள்ள பொண்ணு பென்சன் வாங்கிருக்கும்லா."

வண்டு கொடுத்த சான்றிதழ்

கோலா சுங்கை பாருவில் எண்பது வாத்து வளர்க்கிறார் பார்வதி அக்கா. முட்டி தேய்ந்துபோய், பத்து பெரண்டாம் என்ற ஊரில் பார்த்த தொழிற்சாலை வேலையை விட்டவர். இந்த வாத்துகள் போனால் மறுபடி பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை.

ஒருநாள் கடை மூலையில் நான் ஒதுக்கி வைத்திருந்த வண்டு மூட்டையைக் கேட்டார். வண்டு மூச்சு விட்டால் மூட்டை சூடாகும், சூட்டில் ஈரம் கசியும், ஈரத்தில் பூஞ்சை வரும், பூஞ்சை விஷத்தை விடும், அந்த விஷத்துக்குக் கோழியைவிட வாத்துதான் சீக்கிரம் சுருண்டு விழும் என்று வரிசையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்:

"வண்டு என்ன முட்டாளா தம்பி? விஷம் இருந்தா அது குடும்பத்தோட வந்து ஒக்காந்து திங்குமா?"

குளியல்

நான் தராத மூட்டையை அக்கா வேறெங்கோ மலிவாக வாங்கிவிட்டார். பச்சையாய்ப் பூத்திருந்ததாம். மஞ்சள் தண்ணீரில் மூன்று முறை அலசி, வெயிலில் காயவைத்துவிட்டு, பெருமையாகப் போன் செய்தார். பூஞ்சையைக் கழுவலாம், அது விட்டுப்போன விஷத்தைக் கழுவ முடியாது, வேகவைத்தாலும் போகாது என்றேன். சோதித்துச் சொல்லும்வரை போடாதீர்கள் என்று கெஞ்சினேன். ஒரு பை சோளம் கொண்டுவந்து கொடுத்தவர், போகும்போது கேட்டார்:

"மஞ்சத் தண்ணி ஊத்தியும் போகலன்னா, அது பூஞ்சையா இல்ல என் நாத்தனாரா?"

ஒரே கோடு

சோளத்தை அரைத்து, கரைசலில் கலக்கி, அதில் ஒரு பட்டையை நிறுத்த வேண்டும். கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு மூக்கைக் குடைந்து பார்த்தோமே, அந்தப் பட்டையின் தங்கைதான். ஆனால் குணம் தலைகீழ். ரெண்டு கோடு வந்தால் விஷம் அளவுக்குள் இருக்கிறது. ஒரே கோடு என்றால் அளவு மீறிவிட்டது.

பட்டையை நிறுத்தும்போது வாசலில் லோடு வந்து நின்றது. கல்லாவில் இருந்த கவிதாவிடம், "எத்தனை கோடு வருதுன்னு பார்த்து அக்காவுக்கு வாட்சாப் போட்டுடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனேன். வண்டின் மூச்சு வரைக்கும் விளக்குகிற நான், இதை மட்டும் விளக்கவில்லை.

திரும்பி வந்தபோது கவிதா சிரித்த முகமாக, "ஒரே கோடுதாண்ணே, நெகட்டிவ்! அக்காவுக்கு அனுப்பிட்டேன்" என்றாள். அக்கா போனை எடுக்கவில்லை. காரை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா ஒரு பேசின் சோளத்தைக் கொட்டி முடித்திருந்தார். வாத்துகள் அப்போதுதான் ஓடி வந்துகொண்டிருந்தன. ஆளுக்கொரு துடைப்பத்தோடு எண்பதையும் விரட்டிக் கூண்டில் அடைத்தோம். நாலைந்து முந்திக்கொண்டு தின்றிருந்தன. கோட்டின் கணக்கை மூச்சு வாங்கியபடி விளக்கினேன். அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார்:

"எனக்கு ரெண்டு கோடு வந்துச்சுன்னு பத்து நாளு வீட்ல அடைச்சீங்க. இப்ப ஒரு கோடு வந்துச்சுன்னு வாத்த அடைக்கிறீங்க. எத்தன கோடு வந்தா தம்பி மனுசன் நிம்மதியா இருக்கலாம்?"

எண்பதும் பிழைத்துவிட்டன. எங்கள் தொழிலில் வெற்றி என்பது ஒன்றுமே நடக்காமல் போவதுதான் என்பதால், நடக்காத ஒன்றுக்கு யாரும் இதுவரை எனக்கு நன்றி சொன்னதில்லை.