நீர்க்கட்டி என்றார்கள்

நீர்க்கட்டி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டு நோவுக்கு இரண்டு பெயர் வைக்கத் தமிழில் வார்த்தைக்கா பஞ்சம்?

அக்காவுக்கு மாதவிலக்கு மூன்று நாலு மாதம் தள்ளித் தள்ளிப் போகும். எடை ஏறியது, தாடையில் முடி முளைத்தது. ஸ்கேன் எடுத்துவிட்டு, சினைப்பை நிறையப் பொடிப்பொடியாக நீர்க்கட்டி என்றார்கள். தினமும் நடந்தாள், இனிப்பை விட்டாள், மெல்ல மெல்லச் சீரானது.

பிறகு எனக்கும் நீர்க்கட்டி என்றார்கள். எனக்கோ மாதவிலக்கு தேதி தவறியதே இல்லை. வலது அடிவயிற்றில் விட்டு விட்டு வலி, நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு முட்டும், அடிக்கடி சிறுநீர் வரும். ஒரே ஒரு பெரிய கட்டி, ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று ரிப்போர்ட்டில் இருந்தது. அம்மா அதை மடித்து பீரோவில் வைத்துவிட்டாள்.

"ஏளா, அக்காளுக்கும் இதானே வந்துச்சு? நடந்தா கரைஞ்சிரும்."

நடந்தேன். துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள் நான். ஒரே பெயரில் இரண்டு சரக்கு வந்தால் கன்டெய்னர் நம்பரைச் சரிபார்க்காமல் விடமாட்டேன். என் வயிற்று விஷயத்தில் மட்டும் பெயரைக் கேட்டதோடு சரி. அந்தக் கோபம் என் மேல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பீச் ரோட்டில் நடக்கும்போதே வலது பக்கம் சுருட்டிப் பிடித்தது. நிற்க முடியாமல் வாந்தி எடுத்தேன். கூட நடந்த அம்மா, வாயு என்று சோடா வாங்கிக் கொடுத்தாள். சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டியின் பாரத்தில் சினைப்பை முறுக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்று கருத்துவிட்டதாம். எடுத்துவிட்டார்கள்.

"உங்க அக்காவுக்கு இருந்தது வேற, உங்களுக்கு இருந்தது வேறம்மா. காலையிலேயே வந்திருந்தா காப்பாத்தப் பாத்திருக்கலாம்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா குடல்வால் ஆபரேஷன் என்றாள். கல்யாணமாகாத பெண்ணைப் பற்றி வேறு எப்படிச் சொல்வதாம்? எனக்கு எரிச்சலாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டுதான் கிடந்தேன்.

பக்கத்து வீட்டுச் சித்தி ஆப்பிளோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எம் மவளும் இதே பக்கம்தான் வலிக்குன்னு சொல்லுதா. ஸ்கேன்ல நீர்க்கட்டின்னுட்டாவ. நல்லவேளை, குடல்வால் இல்ல."

அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

"எனக்கும் குடல்வால் இல்ல சித்தி" என்றேன். "அவ ரிப்போர்ட்ட எடுத்துட்டு வாங்க."