அப்பா கை தூக்கிய மேட்ச்

வாலிபால் மேட்ச் என்றால் இன்றைக்கும் நான் பக்கம் போகமாட்டேன். எங்கள் வீட்டில் உலை கொதித்ததே அந்தப் பந்தால்தான். பெரியநாயக்கன்பாளையத்துப் பக்கம் ஒரு மில்லில் அப்பா வேலை பார்த்தார் என்று பெயர். உண்மையில் மில் டீமுக்கு ஆடினார். காலையில் கையெழுத்து, அப்புறம் மைதானம். அதற்குச் சம்பளம். அந்தக் காலத்தில் மில்களுக்கு அப்படி ஒரு கிறுக்கு.

நான் ஐந்தாவது படித்த வருஷம் கிறுக்கு தெளிந்தது. நூல் விலை விழுந்ததும் டீம்களைக் கலைக்க ஆரம்பித்தார்கள். அந்த வருஷ மில் போட்டியில் ஃபைனலுக்குப் போகாவிட்டால் எல்லாரும் ஸ்பின்னிங் ஷிப்டுக்குத்தான் என்று அப்பாவின் மில்லில் சொல்லிவிட்டார்கள். பஞ்சுத்தூசி அப்பாவுக்கு ஆகவே ஆகாது, இழுப்பு வந்துவிடும்.

அரையிறுதியில் எதிர் டீம் யார் தெரியுமா? அம்மாவின் தம்பி, என் மாமன் ஆடும் மில். அங்கேயும் அதே மிரட்டல்தான். ஆனால் அப்பா பர்மனென்ட், மாமன் டெம்பரரி. தோற்றால் மாமனுக்கு ஷிப்டுகூடக் கிடையாது, வேலையே போய்விடும். அவர் மனைவி, என் அத்தை வேறு மாசமாக இருந்தாள்.

எல்லாம் தெரிந்தும் மாமன் தோற்கவேண்டும் என்றுதான் மாரியம்மனிடம் மன்றாடினேன். அப்பா மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்தவள் நான். அம்மா யாருக்கு வேண்டினாளோ! கேட்டால், "சும்மா இரு கண்ணு, எனக்கே தெரியலெ" என்று எரிந்து விழுந்தாள்.

மேட்ச் அன்று நெட் கம்பத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நகத்தைக் கடித்துக் குதறினேன். கடைசி செட். இன்னும் ஒரு பாயின்ட் எடுத்தால் மாமன் டீம் ஜெயித்துவிடும். மாமன் எகிறி அடித்தார். தடுக்க நீட்டிய அப்பாவின் விரலுக்கும் பந்துக்கும் நடுவே என் கையே நுழையும். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. ரெஃப்ரி எங்களுக்குப் பாயின்ட் கொடுத்தார். தப்பித்தோம்டா சாமி என்று துள்ளினேன்.

அப்பா கையைத் தூக்கினார். "சார், என் வெரல்ல பட்டுச்சுங்க."

ரெஃப்ரி பார்க்காவிட்டாலும், பந்து பட்டவரே கை தூக்கி ஒப்புக்கொள்வது எங்கள் பக்கத்து ஆட்டக்காரர்களின் வழக்கம். அப்படித் தூக்கினால் பாயின்ட் எதிராளிக்கு. ரெஃப்ரி விசில் ஊதிவிட்டார். ஆட்டம் முடிந்தது.

"ஏனுங்க, பொழப்பே போகுதுன்னு தெரிஞ்சும் நெசத்தச் சொன்னீங்க பாருங்க, நீங்க மனுசனுங்க!" என்று பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. மாமன் கிட்டேயே வரவில்லை.

"படவே இல்லீங்கப்பா, நான் பாத்தேன்!" என்று கத்தினேன்.

"பட்டுச்சு அம்மணி. வா, ஊட்டுக்குப் போலாம்."

வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மாவிடம் போட்டு உடைத்தேன். "அப்பா பொய் சொல்லித் தோத்துட்டாருங்கம்மா!" அம்மா அப்பாவைப் பார்த்தாள். "ஏனுங்க..." என்று ஆரம்பித்தவள், முடிக்க முடியாமல் சமையல்கட்டுக்குள் போய்க் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

பாவம், தோற்ற துக்கம் என்று நினைத்தேன். பக்கத்தில் போய், "அழுவாதீங்கம்மா, ஃபைனல்ல மாமன் கட்டாயம் தோத்துருவாரு" என்று ஆறுதல் சொன்னேன். பளாரென்று ஓர் அறை விழுந்தது. அடுத்த நிமிஷமே அம்மா என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இரண்டும் எதற்கென்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.