என் தறித்துணியில் கட்டிய முழங்கால்

எட்டாங்கிளாஸ் தாண்டாதவன் நான். ராஜபாளையத்தில் இன்றைக்கு எனக்கு நாற்பது தறி ஓடுது, எல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி. எந்த ஊர்க் காயத்துக்கும் என் துணிதான் போகும் என்று கல்யாணப் பந்தியில்கூடச் சொல்லிவிடுவேன். பொய்யில்லையே.

மகன் காலேஜில் ஃபுட்பால் ஆடினான். கூட ஆடியவர்கள் மில்லுக்குப் போகிறவர், களை வெட்டுகிறவர் பிள்ளைகள். தளவாய்புரத்திலிருந்து ஒருத்தன் விடியுமுன் சைக்கிளில் வருவான். போலீஸிலோ ரயில்வேயிலோ விளையாட்டுக் கோட்டாவில் நுழைந்துவிட வேண்டும், அம்புட்டுத்தான் அவர்கள் கனவு. உனக்கு எதுக்குலே இந்த ஓட்டம் என்று நான் கேட்டால், என் மகன் பூட்ஸைத் துடைத்துக்கொண்டே இருப்பான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மேட்ச். காலை ஊன்றித் திரும்பியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியது. மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுங்கள் என்றார் கோச். ஊருக்கே கட்டுத்துணி கொடுக்கிறவனுக்கு நீங்க கட்டுப்போடச் சொல்லித் தாரீங்களா என்று அவரை மடக்கினேன். எலும்புக்குக் கட்டுப்போடும் வைத்தியரை வீட்டுக்கே வரவழைத்து, முட்டை வெள்ளைக்கரு தடவி, மூங்கில் பத்தை வைத்து, என் துணியிலேயே கட்டினோம். கடைசிச் சுற்றை நானே இழுத்துச் சுற்றினேன். நாற்பது நாள். வலிக்குதுப்பா என்றான். வலிச்சாத்தான் கூடுதுன்னு அர்த்தம் என்றேன்.

பிரித்தபோது தொடை பாதியாகியிருந்தது. ஓட இறங்கினால் முழங்கால் நழுவியது. இருந்தும் ஓடு ஓடு என்றேன். அதற்குப் பொறவுதான் மதுரை. எலும்பு உடையவே இல்லை, உள்ளே ஜவ்வு அறுந்திருக்கிறது என்றார் டாக்டர். அந்தக் காலோடு ஓடியதில் மூட்டும் கெட்டுவிட்டது, நடக்க வைக்கலாம், ஆட வைக்க முடியாது என்றார்.

காரில் வரும்போது தேற்றினேன். "ஏலே, அவனுகளுக்கு வேல வேணும், ஆடுதானுக. என் மகனுக்கு என்னலே கொற?"

சன்னலைப் பார்த்தபடியே சொன்னான். "கிரவுண்டுல மட்டுந்தாம்ப்பா என்னய யாரும் ஒங்க மகன்னு சொல்லாம இருந்தாங்க."

 

இப்போது கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வருவான், மறுநாளே கிளம்பிவிடுவான். ஃபோனில் சாப்பிட்டாச்சாப்பா என்பான், ஆச்சு என்பேன். கால் எப்படியிருக்கு என்ற கேள்வி நாக்குவரை வந்து நின்றுவிடும். அவன் அம்மாவும் கண்ணை மூடிவிட்டாள். மூன்று மாடி வீடு, நானே நின்று கட்டியது, இந்தத் தெருவில் இதுபோல் இன்னொன்று கிடையாது. எனக்குக் கீழ் அறை ஒன்றே போதுமாயிருக்கிறது.