சாவு வீட்டுக்குப் போன மசாலா டீ

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் அம்பத்தூரில் வாடகைக்கு இருந்தோம். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகப் போர்ஷன்கள், எல்லோருக்கும் பொதுவாக நடுவில் ஒரு அடிபம்பு. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது அங்கே ரகசியமில்லை. அந்தக் காம்பவுண்டில் எனக்கு 'டீக்காரம்மா' என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. கடை வைத்திருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் வீட்டில் போடும் மசாலா டீக்குக் கிடைத்த பெயர் அது.

கல்யாணமான புதிதில் ஆவடியில் இருந்தபோது பக்கத்து வீட்டு இந்திக்காரப் பெண்ணிடம் கற்றுக்கொண்டது. அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி வராது. அவள் இஞ்சியைத் தட்டிக் காட்டுவாள், ஏலக்காயைத் தோலோடு நசுக்கிக் காட்டுவாள், நான் தலையாட்டுவேன். கிராம்பு, ஒரு துண்டு பட்டை, நாலைந்து மிளகு. எல்லாம் தண்ணீரில் கொதித்துச் சாறு இறங்கிய பிறகுதான் தூள், அதற்கப்புறம்தான் பால். அம்பத்தூரில் எங்கள் காம்பவுண்டில் அப்போது வேறு யாரும் இப்படிப் போட்டதில்லை. என் வீட்டில் டீ கொதித்தால் தண்ணீர் அடிக்கிறவர்கள் பம்பை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்காகவே நான் ஜன்னலைத் திறந்து வைப்பேன்.

எதிர் போர்ஷனில் ஒரு அக்கா இருந்தார். கூடப் பிறந்தவர் இல்லை. ஆனால் என் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ராப்பகலாக என்னோடு இருந்தவர் அவர்தான். அவர் கணவருக்குப் பக்கத்து ஊரான பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நாற்பதுகூட ஆகவில்லை அந்த மனிதருக்கு. ஒரு நாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்தார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

அவருடைய அண்ணன் ஊரிலிருந்து வர வேண்டும், அதனால் மறுநாள் மதியம்தான் எடுப்பது என்று சொன்னார்கள். எங்கள் பக்கம் எடுக்கிற வரைக்கும் சாவு வீட்டில் அடுப்பு பற்ற வைப்பதில்லை. காபியோ டீயோ அக்கம்பக்கத்திலிருந்துதான் போக வேண்டும். மறுநாள் காலையில் அக்காவின் பெரியம்மா என் வாசலில் வந்து நின்றார்.

"இந்தாம்மா, அந்தப் பொண்ணு நேத்துலேந்து ஒரு முழுங்கு தண்ணி தொடல. வாயெல்லாம் காஞ்சிகினு கீது. நாங்க குட்த்தா தள்ளி வுட்றா. நீ ஒரு டம்ளர் டீ போட்டு எட்த்துகினு வா. உன் கையால குட்த்தா குடிப்பா."

கேட்டது ஒரு டம்ளர். அதுவும் வெறும் டீ போதும். ஆனால் என் கை தானாக மசாலா டப்பாவுக்குப் போனது. அக்காவுக்குத் தெம்பாக இருக்குமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அங்கே கூடியிருந்த கூட்டம் என் கண்ணில் நின்றது. சாயங்காலத்துக்கு வைத்திருந்த பால் பாக்கெட்டையும் வெட்டி ஊற்றி, ஒரு தூக்குவாளி நிறையப் போட்டேன்.

வாசலில் துணிப்பந்தலுக்குக் கீழே அவருடன் வேலை பார்த்தவர்கள் இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். "இங்க ஒண்ணு குடும்மா" என்று ஒருவர் கை நீட்டினார். பாவம், ராத்திரியெல்லாம் கண் விழித்தவர். ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, கல்யாண ஊட்டு டீ மாரி கீது!"

அந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்று குத்தியிருக்க வேண்டும். குத்தவில்லை, உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார், அவருக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார். ஒவ்வொருவர் குடித்து முடிக்கும்வரை நின்று முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். உள்ளே பெண்கள் பக்கம் போனதும் அதே கதை. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டு டம்ளரை நீட்டினார்கள். ஊரிலிருந்து வந்த ஒரு அம்மாள், "இன்னா போட்ட இதுல?" என்று காதோரம் கேட்டார். நான் அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தே விட்டேன். இஞ்சியை முதலில் பாலில் போட்டால் திரிந்துவிடும், தண்ணீரில்தான் கொதிக்க விட வேண்டும் என்று பக்குவம் சொல்ல ஆரம்பித்தேன். முதலில் கிசுகிசுப்பாகத்தான் சொன்னேன். போகப்போகக் குரல் ஏறிவிட்டது. நான் ஒருமுறை திரிய விட்ட கதையைச் சொல்லிச் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது.

சிரித்துக்கொண்டே திரும்பினேன். நாலு முழம் தள்ளி, தன் கணவரின் தலைமாட்டில், சுவரில் சாய்ந்தபடி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன். சாய்த்தேன். இஞ்சிச் சக்கையும் தூளும் கலந்து அரை வாய்கூட வரவில்லை. அவர் டம்ளரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இதோ, இதோ வரேன்க்கா" என்று எழுந்து வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டில் ஒரு சொட்டுப் பால் இல்லை. பக்கத்துப் போர்ஷன்கள் எல்லாம் பூட்டியிருந்தன, எல்லோரும் சாவு வீட்டில். சரி, பால் இல்லாத டீயாவது போடலாம் என்றால், அந்தத் திரி ஸ்டவ் என்றைக்கும் இல்லாத அழும்பு செய்தது. தண்ணீர் கொதிக்கும்போதே மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் வந்துவிட்டாராம். நான் டம்ளரோடு போய்ச் சேர்ந்தபோது அக்காவை நாலு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துச் சடங்குக்கு நிறுத்தியிருந்தார்கள். பெரியம்மா என் கையில் இருந்த டம்ளரைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் எட்த்துகினு வர்றியா?" என்றார். நான் டம்ளரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். எடுத்த பிறகு, ஆறிப்போன அந்த டீயைச் சாக்கடையில் ஊற்றினேன். அக்கா அன்று ராத்திரிதான் தண்ணீர் குடித்தாராம். அதையும் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், எட்டிப் பார்க்க எனக்கு முகமில்லை.

அதற்கப்புறம் அந்த டப்பாவை நான் தொடவில்லை. வீட்டுக்காரர் கேட்டால் ஏலக்காய் தீர்ந்துவிட்டது என்பேன். அக்கா பம்புக்கு வரும் நேரம் பார்த்துக் குடத்தை உள்ளே எடுத்து வைத்துவிடுவேன். எதிரெதிர் வாசலில் இருந்துகொண்டு ஒருவர் கண்ணில் படாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மழைக்காலம் வந்தது. அக்கா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஒரு நாள் வேலை விட்டு வந்தவர், நனைந்த புடவையோடு நேராக என் சமையலறை வாசற்படியில் வந்து உட்கார்ந்தார்.

"டீ போடேன்."

சாதாரண டீக்குப் பாத்திரம் எடுத்தேன். "அது இல்ல. அன்னிக்குப் போட்டியே, அது" என்றார். இஞ்சியைத் தட்டினேனா, விரலைத் தட்டினேனா தெரியாது. "என்னை மன்னிச்சிடுக்கா, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. ஸ்டவ்வைப் பார்த்தபடி பேசினார்.

"நீ வாளியோட வாசல்ல நுழையறப்பவே வாசனை வந்துட்ச்சி. அவரு போனதுலேந்து மொத மொதல்ல எனக்கு வவுறு பசிச்சது அப்பதான். எனக்கே வெக்கமா பூட்ச்சி. மனுசன் எதுர்ல படுத்துகினு கீறாரு, எனக்கு டீ கேக்குது பாரேன்! அதான் வாயத் தொறந்து கேக்கல. நீயா எட்த்துகினு வருவேன்னு பாத்துகினே இருந்தேன்."

குறையாகச் சொல்லவில்லை. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, ஊதி ஊதி முழுவதையும் குடித்தார். "நல்லா கீது" என்றார். எத்தனையோ பேர் சொல்லி நான் பூரித்த வார்த்தை அது. அன்றைக்குத் தலை நிமிர்த்த முடியவில்லை.

இன்றும் எந்த வீட்டுக்கு டீ கொண்டுபோனாலும், வாய் விட்டுக் கேட்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர் யார் என்று தேடி முதல் டம்ளரை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்; ஆனால் அன்று வெட்கப்பட வேண்டிய நான் சிரித்துக்கொண்டிருக்க, ஒரு தப்பும் செய்யாத அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு பட்டினி கிடந்தார் என்பதை நினைத்தால், இஞ்சி தட்டும் கை இப்போதும் ஒரு கணம் நின்றுவிடுகிறது.