முதலாளியின் இரண்டாம் கியர்

என் பட்டாசு முதலாளி கிளட்ச் இல்லாத கார் வாங்கியது, செல்போனில் பாம்பு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த காலம். சென்னையில் யாரோ ஓட்டி அலுத்துப்போய் விற்ற வண்டி. சிவகாசியில் அதைப் பார்க்க வந்தவர்களெல்லாம் கிளட்ச் எங்கே, கிளட்ச் எங்கே என்று குனிந்து தேடினார்கள். முதலாளி ஏதோ தானே செய்து முடித்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு டிரைவராகச் சேருமுன் நான் பத்து வருஷம் தீப்பெட்டி லோடு லாரி ஓட்டியவன். எனக்கு அந்த வண்டியும் பிடிக்கவில்லை, அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

அதன் கியர் கம்பிக்குப் பக்கத்தில் டி என்று ஒரு எழுத்து, அதற்குக் கீழே 2 என்று ஒரு எண். டி-யில் போட்டால் நாலு கியரையும் வண்டியே மாற்றிக்கொள்ளும். இரண்டில் போட்டால் இரண்டுக்கு மேல் ஏறாது. இது எனக்கு ஒரே நாளில் விளங்கிவிட்டது. முதலாளிக்கு அவருடைய சொந்தக் கணக்கு ஒன்று இருந்தது.

"நம்பர் கொறைய இருந்தா பெட்ரோலும் கொறையத்தானலே குடிக்கும். ரெண்டுலயே போடு" என்றார்.

எடுத்துச் சொன்னேன். லாரிக்காரப் புத்தி என்று முடித்துவிட்டார். ஆகவே விருதுநகர் ரோட்டில், சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்க்க, இன்ஜின் அலற அலறப் போனோம். பின் சீட்டில் அவர் பெட்ரோல் மிச்சமாகிறது என்ற நிம்மதியில் தூங்குவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மச்சினன் ஓட்டுவார். அவருக்கு ஆக்சிலேட்டர் என்றால் எலியைக் கண்ட மாதிரி, ஒரே மிதி.

திங்கள்கிழமை நிரப்பினால் வியாழக்கிழமையே பெட்ரோல் தீரப்போகிறது என்று மஞ்சள் விளக்கு எரிந்தது. டிரைவர் பெட்ரோலை உறிஞ்சி விற்கிறான் என்று மச்சினன் கண்டுபிடித்தார். முதலாளி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பெட்ரோல் மூடிக்குப் பூட்டுப் போட வேண்டும், மதுரைக்கு எடு என்று மட்டும் சொன்னார். என் வாழ்க்கையில் நான் அப்படிக் கூசிப்போன நாள் வேறு இல்லை. வேலையை அவர் மூஞ்சியில் எறிந்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் என் மனைவி தாயில்பட்டிப் பக்கம் அவருடைய பட்டாசுக் கம்பெனியில்தான் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். நான் போனால் அவளையும் நிறுத்திவிடுவார்கள்.

மதுரையில் மெக்கானிக்கிடம், முதலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டேன். இரண்டிலேயே ஓட்டினால் என்ன ஆகும்?

அவர் முதலாளியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். இந்த கியர்பெட்டி இரண்டு விஷயத்தைத்தான் பார்க்கும். வண்டி என்ன வேகத்தில் போகிறது, கால் எவ்வளவு அழுத்துகிறது. கால் மெதுவாக இருந்தால், அவசரம் இல்லை போலிருக்கிறது என்று சீக்கிரமே மேல் கியருக்கு ஏறிவிடும். இன்ஜின் குறைவாகச் சுற்றும், குறைவாகக் குடிக்கும். ஓங்கி மிதித்தால், இழுவை வேண்டும் போல என்று கீழ் கியருக்கு இறங்கும். இரண்டில் கட்டிப்போட்டால் அது எங்கே ஏறும்? கத்திக்கொண்டே குடிக்கும். வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்து, படம் போட்ட பக்கத்தைக் காட்டினார்.

முதலாளி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"கம்பெனிக்காரன் எழுதி வச்சிருந்தா மதிக்கணும்லே. சும்மாவா எழுதுவான்" என்றார். ஏதோ நான்தான் இத்தனை நாள் மதிக்காதவன் போல.

அன்றிலிருந்து டி-யில், பூனை நடை போல மிதித்து ஓட்டினேன். விளக்கு சனிக்கிழமை வரை எரியவில்லை. வண்டி இப்போதுதான் பழகியிருக்கிறது என்றார் மச்சினன். என்னைத் திருடன் என்றதைப் பற்றி இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. பூட்டும் மூடியிலேயே தொங்கியது.

வீட்டில் இந்தக் கதையை அளந்தேன். முதலாளி புத்தகத்தை உற்றுப் பார்த்த பார்வையை நடித்துக்கூடக் காட்டினேன். தீபாவளி சீசன் அது. விரல் நகமெல்லாம் வெள்ளி மருந்து அப்பியிருக்க, என் மனைவி சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். சிரிக்கவில்லை.

"எங்க ரூம் செவத்துலயும்தான் ஆட்கள் நாலு பேருக்கு மேல கூடாதுன்னு பெயிண்ட்ல எழுதியிருக்கு. ஒம்பது பேரு உக்காந்திருக்கோம். எழுதுனத மதிக்கிறவுகட்ட அதையும் சொல்லுங்க."

சரி என்றேன்.

மறுநாள் காலை முதலாளி ஏறி உட்கார்ந்தார். தாயில்பட்டி வரை நல்ல ரோடு, நாங்கள் இரண்டே பேர், பேச எவ்வளவோ நேரம் இருந்தது. பெட்ரோல் திருடன் என்ற பேரைத் துடைக்க மதுரை வரை போய்ப் பேசிய வாய் இது; அவள் சொன்னதைச் சொல்ல மட்டும் திறக்கவில்லை. அந்த சீசனில் அவள் அறையில் எதுவும் வெடிக்கவில்லை, அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. அத்தனை நாள் அந்த மனிதரை மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டிருந்தேன். அன்று பின்னால் திரும்பிப் பார்க்கக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"மெல்ல மிதிலே" என்றார்.

டி-யில் போட்டு, மெல்ல மிதித்தேன்.