செவ்வாய்க்கிழமைத் தாள்

எதையும் தேதியிட்டு எழுதி வைப்பது சிறுவயதிலேயே எனக்கு வந்த பழக்கம். பத்து வயதில், வீட்டு நாட்காட்டியில் தினமும் தாள் கிழிக்கும் பொறுப்பு என்னுடையது. அதில் ஒரே ஒரு முறை ஏமாற்றினேன். அத்தையின் பிரெஞ்சுக்காக.

அம்மாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. அதனால் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வீடு. அப்பா செவ்வந்திப் பூ வாங்கி, செவ்வாய்க்கிழமை மட்டும் நகரத்திலிருந்து வரும் ஈப்போ லோரியில் அனுப்புவார். பூவைக் கட்டுவது அப்பாவின் தங்கை, என் அத்தை. சமையலும் அவர்தான். மலைமேல் இருந்த தோட்டத்துத் தேநீர்க் கடைக்குப் பிரெஞ்சு பேசத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்ட நாள் முதல், அத்தை கைப்பேசியில் பிரெஞ்சு படித்தார். உட்கார்ந்தால் போதும், அப்பா கூப்பிடுவார்.

கடைசியில் அத்தை ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்தார்: ராகு காலம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அப்பா புதிதாக எந்த வேலையையும் தொடங்க மாட்டார், யாரையும் தொடங்க விடவும் மாட்டார். அத்தை கையிலிருந்த பூக்கட்டை அது தொடங்குமுன் முடித்துவிட்டு, செவ்வந்திகளைப் பார்த்து "போன்ழூர்" என்று வணக்கம் சொல்வார். திங்கள் ஏழரை, வெள்ளி பத்தரை என்று நேரம்தான் மாறும், பாடம் தவறாது.

"ராகு காலத்துல படிச்சா மண்டையில ஏறுமா?" என்று அப்பா சீண்டுவார்.

"ஆரம்பிச்சது சரஸ்வதி பூசை அன்னைக்குண்ணே. இது மிச்சம்தான்லா."

ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் தோட்டத்துத் துரை அத்தையை நேர்காணலுக்கு அழைத்தார். செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. செவ்வாயன்று ராகு காலம் மூன்று முதல் நாலரை வரை. கடைக்கு பஸ் கிடையாது, அப்பாவின் வேன்தான்.

"புதன்கிழமைக்கு மாத்திக் கேளு."

"புதன்கிழமை துரை கேஎல் போயிருவாரு. அவருக்கு ஏதுண்ணே ராகு காலம்?"

"அவருக்கு இல்ல. என் வேனுக்கு இருக்கு."

மறுநாள் திங்கள். ராகு காலம் வந்தும் அத்தை கைப்பேசியைத் தொடவில்லை. பூக்கள் வெறுமனே கிடந்தன.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் இரண்டு தாள்களைக் கிழித்தேன்; நாட்காட்டி புதனைக் காட்டியது. புதனன்று ராகு காலம் ஒன்றரைக்கே முடிந்துவிடும். செவ்வாயை மடித்துச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு அப்பா வழக்கம்போல நாட்காட்டியின் முன்னால் வந்து நின்றார். கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"பாப்பா, இன்னைக்குப் புதனா?"

"ஆமாப்பா."

"அப்ப ஒன்றரைக்கே முடிஞ்சிருச்சே. தங்கச்சி, என்னா இன்னும் உட்கார்ந்திருக்க? சேலையை மாத்து, போலாம். துரை காத்திருப்பாரு."

அத்தை என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், சேலை மாற்ற எழுந்தார். பொழுது சாயும்போது இருவரும் அத்தைக்குக் கிடைத்த வேலையோடு திரும்பினார்கள். இப்போதெல்லாம் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வரும் பிரெஞ்சுக்காரர்களை அத்தைதான் அழைத்துப் போகிறார்.

அப்பாவை ஏமாற்றிவிட்டதாகப் பல ஆண்டுகள் எனக்கு உள்ளூரப் பெருமை. சென்ற மாதம் பழைய நோட்டுகளை ஒழுங்குபடுத்தியபோது அந்தச் செவ்வாய்த் தாள் கிடைத்தது. ஒட்டி வைத்திருந்தேன். அதன் கீழே, என் பத்து வயதுக் கையெழுத்தில், அன்றைய குறிப்பு:

"காலையில் மழை. அப்பா ஈப்போ லோரியில் பூ ஏற்றினார்."